வெள்ளைக் கப்பலிலிருந்து கிணற்றடிக்கு

அமெரிக்கக் கடற்படைக்கு மெர்சி, கம்ஃபர்ட் என்று இரண்டு மருத்துவமனைக் கப்பல்கள் இருக்கின்றன. முழுக்க வெள்ளை நிறம், பக்கங்களில் பெரிய பெரிய செஞ்சிலுவைகள், 272 மீட்டர் நீளம். இதில் ஒன்று ஏதோ ஒரு நாட்டின் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால் செய்திகளில் வருவது அறுவை சிகிச்சைதான். கண்புரை நீக்கிய பாட்டி பேரனின் முகத்தைப் பார்க்கிறார், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை அம்மாவின் மடியில் சிரிக்கிறது. இதெல்லாம் உண்மை, இந்த வேலைக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் தகும். ஆனால் அதே கப்பலிலிருந்து படகில் இறங்கி, 100 மில்லி சோதனைப் புட்டிகளை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றடிக்கும், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும், பழைய டயர் குவிந்து கிடக்கிற பட்டறைக்கும் போகிற இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கப்பல் போன பிறகும் அந்த ஊரில் மிச்சமிருக்கிற வேலை பெரும்பாலும் இவர்களுடையதுதான் என்பது என் எண்ணம்.

சீருடையைப் பார்த்தால் கடற்படை அதிகாரிகள் என்றே தோன்றும். பதவிப் பெயர்களும் லெப்டினன்ட், கமாண்டர், கேப்டன் என்றுதான் போகும். ஆனால் இவர்களில் ஒரு பகுதியினர் கடற்படையே இல்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் அதிகாரிப் படையைச் சேர்ந்தவர்கள், ஆயுதம் ஏந்தாதவர்கள், அவர்களுக்குத் தலைவர் சர்ஜன் ஜெனரல். மொத்தமே சுமார் 6,000 பேர்தான். இதில் மருத்துவர், செவிலியரோடு பொறியாளர், கால்நடை மருத்துவர், மருந்தாளுநர், உணவியல் வல்லுநர், சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி என்று 11 தொழில்பிரிவுகள் இருக்கின்றன. வழக்கமான நாட்களில் நாட்டுக்குள்ளேயே வேலை பார்க்கிறவர்கள், பசிபிக் பகுதியில் 'பசிபிக் பார்ட்னர்ஷிப்', லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பக்கம் 'கன்டினியூயிங் பிராமிஸ்' என்று கடற்படை பயணம் கிளம்பும்போது சில வாரங்களோ மாதங்களோ கப்பல் ஏறுகிறார்கள்.

சுகாதாரத் துறைக்கு எதற்கு இந்தக் கடற்படைக் கோலம் என்று கேட்கலாம். அந்தத் துறை பிறந்ததே துறைமுகத்தில்தான். 1798இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட ஒரு சட்டம், வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து அவர்களுக்கு வைத்தியம் பார்க்க வழி செய்தது. துறைமுகங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. 1871இல் பொறுப்பேற்ற ஜான் உட்வொர்த் என்ற மருத்துவர் அங்கே இராணுவ ஒழுங்கையும் சீருடையையும் கொண்டுவந்தார். 1889இல் அது சட்டப்படி ஒரு படையானது. மஞ்சள் காய்ச்சலும் காலராவும் கப்பலேறி ஊர் ஊராகப் போன காலம் அது. இன்றைக்கும் அவர்கள் சின்னத்தில் நங்கூரம் இருக்கிறது.

சரி, கப்பலுக்கு வருவோம். மெர்சியும் கம்ஃபர்ட்டும் 1970களில் எண்ணெய்க் கப்பல்களாகக் கட்டப்பட்டு, 1980களில் சான் டியேகோவில் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டவை. 1,000 படுக்கை, 12 அறுவை அரங்கு, சி.டி. ஸ்கேன், 5,000 யூனிட் இரத்தம் வைக்க இடம், ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலை எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆனால் கப்பலின் அடிப்பாகம் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் இருப்பதால் சிறிய துறைமுகங்களுக்குள் நுழைய முடியாது. வெளியே நங்கூரமிட்டு நோயாளிகளைப் படகிலோ ஹெலிகாப்டரிலோதான் ஏற்றி இறக்க வேண்டும். கடல் கொஞ்சம் கொந்தளித்தால் படகுப் போக்குவரத்து நின்றுவிடும், அன்றைய அறுவை சிகிச்சைப் பட்டியலும் அதோடு நின்றுவிடும்.

இப்படி வருகிற கப்பல் ஒரு ஊரில் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் நிற்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் மிக மோசமான நிலையில் இருப்பவரைத்தான் முதலில் உள்ளே எடுப்பார்கள், இங்கே கிட்டத்தட்ட நேர்மாறு. ஒரே அறுவையில் முடிந்து சில நாட்களில் தேறிவிடக்கூடிய கண்புரை, குடலிறக்கம், பிளந்த உதடு போன்றவற்றுக்குத்தான் இடம் கிடைக்கும். மாதக்கணக்கில் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படும் புற்றுநோய்க்காரரைத் தொட்டுவிட்டுப் பாதியில் விட்டுப் போனால் அது உதவியே ஆகாது. வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்ற ஒருவரிடம் 'உங்களுக்கு இங்கே செய்ய முடியாது' என்று சொல்வது அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்கு மிகக் கடினமான வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் இரண்டு வாரத்தில் ஒரு ஊருக்கே பயன்படுகிற மாதிரி என்ன செய்ய முடியும்? தண்ணீரிலிருந்து தொடங்கலாம்.

தண்ணீரில் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை வைரஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் ஒரே ஒரு கிருமியைத் தேடுகிறார்கள். ஈ. கோலை. இது மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்கிறது. கிணற்று நீரில் அது இருந்தால், யாருடைய மலமோ சமீபத்தில் அங்கே கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் காலராவும் டைபாய்டும் வரலாம். சோதனை செய்யும் விதம் அழகானது. 100 மில்லி நீரில் ஒரு பொடியைக் கலந்து, சுமார் 35 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். பொடியில் இரண்டு உணவுப் பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றோடும் ஒரு நிறமி கட்டப்பட்டிருக்கிறது. கோலிஃபார்ம் வகைக் கிருமிகள் முதல் பொருளை அறுத்துச் சாப்பிடும்போது அதன் நிறமி விடுபட்டு நீர் மஞ்சளாகிறது. இரண்டாவதை அறுக்கும் நொதி அந்தக் கூட்டத்தில் ஈ. கோலையிடம்தான் உண்டு. அது அறுத்தால், புற ஊதா விளக்கைக் காட்டும்போது புட்டி நீல நிறமாக ஒளிரும். நுண்ணோக்கி வேண்டாம், பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது.

புட்டி ஒளிர்ந்துவிட்டால் அப்புறம்தான் உண்மையான வேலை. கிணற்றைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். கழிப்பறைக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா, வாளியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உள்ளே இறக்குகிறார்களா? பொறியாளரும் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியும் ஒரே குழுவில் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். குளோரின் போடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இருக்கிற கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, கொன்ற பிறகும் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் அளவு மிச்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் கிணற்றில் சுத்தமாக இருந்த நீர் குடத்திலும், குடத்துக்குள் விடுகிற டம்ளரிலும், டம்ளரைப் பிடித்த கையிலும் மறுபடி கெட்டுப்போகிறது. மிச்சமிருக்கும் அந்தத் துளி குளோரின்தான் வீடுவரை கூடவே வருகிற காவல்.

கப்பலுக்குள்ளேயும் இதே கவலைதான். மெர்சி நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சம் லிட்டர் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்க முடியும். கடற்படைக் கப்பல்களில் எரிபொருளை மிச்சப்படுத்தக் காற்றழுத்தத்தைக் குறைத்து, 100 டிகிரிக்கு வெகு கீழேயே நீரைக் கொதிக்க வைப்பார்கள். கொதித்துவிட்டதே என்று நம்பி அதை அப்படியே குடிக்க முடியாது. கொதித்தது உண்மை, ஆனால் கிருமி சாகிற அளவுக்குச் சூடு ஏறவில்லை. அதனால் புரோமினோ குளோரினோ சேர்த்துத்தான் குடிக்கத் தருகிறார்கள். ஆயிரம் பேருக்கு மேல் நெருக்கியடித்துத் தூங்கி, ஒரே சமையலறையில் சாப்பிடுகிற இடம் அது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் போன்ற ஒன்று உள்ளே வந்தால், அதற்கு மிகக் குறைந்த எண்ணிக்கையில் கிருமி போதும், சானிடைசருக்கும் அது எளிதில் மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களைச் சோதிக்கும் திட்டம் 1975இலிருந்து நடக்கிறது. 100க்கு 85 அல்லது அதற்குக் கீழே எடுத்தால் கப்பல் தோல்வி. அந்தச் சோதனைக்குப் போகிறவர்களில் இந்தச் சீருடைக்காரர்கள் நிறைய. கப்பல் அடுக்களையில் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கும் என்று பழகியவர்கள்.

உதவி செய்ய வந்தவர்களே நோயைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2010 ஜனவரி 12இல் நிலநடுக்கம், எட்டே நாளில் கம்ஃபர்ட் அங்கே போய் நின்றது, இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்கு வைத்தியம் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நாட்டில் காலரா வெடித்தது. கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐ.நா. அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிவுநீர் ஆர்ட்டிபோனிட் ஆற்றின் கிளையாறு ஒன்றில் கலந்திருந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. தன் பங்கை ஒப்புக்கொண்டது 2016இல்தான். ஒரு முகாமின் கழிவுக்குழாய் எங்கே போய் முடிகிறது என்று முன்கூட்டியே நடந்துபோய்ப் பார்க்கிற ஒரு ஆள், அந்த ஆளின் பேச்சைக் கேட்கிற ஒரு அதிகாரி, இவ்வளவுதான் தேவைப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

கொசு விஷயத்துக்கு வருகிறேன், இதில் நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. அதனால் கணக்கெடுப்பு வீடு வீடாகத்தான் நடக்கும். தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை என்று ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்பதற்கு 'பிரெட்டோ குறியீடு' என்று பெயர். 50 வீட்டில் 8 பாத்திரம் என்றால் குறியீடு 16. அந்த ஒரு எண்ணை வைத்து எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவெடுக்கலாம், அடுத்த மாதம் அதே தெருவுக்குப் போய் எண் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

2017இல் இலங்கையில் டெங்கு 1.86 லட்சம் பேருக்கு மேல் பாதித்தது. தொடக்க மாதங்களிலேயே திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2018இல், மெர்சி பசிபிக் பார்ட்னர்ஷிப் பயணத்தில் திருகோணமலைக்கு வந்தது. ஆனால் இலங்கை, வெளியிலிருந்து வந்து பாடம் நடத்த வேண்டிய நாடு அல்ல. 1926இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு அது. ஒவ்வொரு பகுதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இருப்பார், அவருக்குத் தன் பிரிவின் ஒவ்வொரு வளவும், ஒவ்வொரு கிணறும் தெரியும். 2016 செப்டம்பரில் மலேரியாவே இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். நுளம்பை, அதாவது கொசுவை, எப்படிப் பின்தொடர்வது என்று கப்பலில் வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இந்தப் பயணங்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. தொடக்கத்தில் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பதுதான் கணக்காக இருந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைட்டமினும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், நோய் அப்படியே இருக்கும். இதைப் பலர் விமர்சித்தார்கள், அந்த விமர்சனம் நியாயமானது. இப்போது உள்ளூர்ப் பணியாளர்களோடு சேர்ந்து பயிற்சி, கூட்டாகச் சிகிச்சை, அனுபவப் பரிமாற்றம் என்பதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்கள்.

கால்நடை மருத்துவர்களை மறந்துவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தெரிந்துவிட்ட பிறகு மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நாய்களுக்குள் நோய் பரவுவது அறுந்துபோகும். மனிதருக்கான மருத்துவக் கப்பலில் ஏன் மாட்டு டாக்டர் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும். கிராமத்தில் ஆட்டுக்கு ஊசி போட வந்தவரிடம்தான் குடும்பத்தின் மற்ற நோய்க் கதைகளும் வெளியே வரும்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மிச்சம். ஈ. கோலை சோதனைக்கு 24 மணி நேரம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? கப்பல் நங்கூரம் தூக்குகிற நாள் காலையில் எடுத்த மாதிரியின் முடிவு மறுநாள்தான் தெரியும், அப்போது கப்பல் நடுக்கடலில் இருக்கும். அந்தக் கடைசிப் புட்டிகளை ஊரிலேயே விட்டு, விளக்கையும் மிச்சப் பொடியையும் உள்ளூர்ப் பரிசோதகர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பேன். மறுநாள் அவர் இருட்டறையில் விளக்கைப் போட்டுப் பார்ப்பார். மூன்றாவது புட்டி ஒளிர்ந்தால் அது யார் வீட்டுக் கிணறு என்று அவருக்குத் தெரியும்.