வீட்டுவழி மொழி: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானிய மொழி கற்பிப்பது பற்றிய கட்டுரை ஒன்றின் தமிழாக்கம் அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்தது. ‘பாரம்பரிய ஸ்பானிய மொழி பேசுநர்களின் கல்விசார் தன்னம்பிக்கையை மேம்படுத்துதல்’ என்பது அதன் உட்தலைப்புகளில் ஒன்று. அருகிலிருந்த நண்பர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அதைப் படித்துவிட்டு, “பழைய ஸ்பானியமா? நம் சங்கத் தமிழ் மாதிரியா?” என்று கேட்டார். அவர் புரிந்துகொண்டதில் குற்றம் இல்லை. சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. ‘பாரம்பரிய மொழி’ என்ற இந்தத் தொடரை எத்தனையோ இடங்களில் பார்த்துப் பேசாமல் கடந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

கட்டுரை யாரைப் பற்றிப் பேசுகிறது? சிகாகோவில் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். தாய் மெக்சிகோவிலிருந்து வந்தவர். ஐந்து வயதுவரை அவள் காதில் விழுந்தது ஸ்பானியம். பள்ளிக்குப் போன நாள் முதல் எழுத்தும் படிப்பும் ஆங்கிலம். பாட்டியோடு மணிக்கணக்கில் ஸ்பானியத்தில் பேசுவாள், சண்டை போடுவாள். அதே மொழியில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பேனா நகராது. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இவளைப் போன்றவர்கள்தாம்.

இவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க ஸ்பானிய ஆசிரியர் சங்கத்தின் அறிக்கை 1972-லேயே சொன்னது. இன்று ஆங்கிலத்தில் புழங்கும் ‘ஹெரிட்டேஜ் மொழி’ என்ற பெயர், அதாவது தமிழில் ‘பாரம்பரிய மொழி’ ஆக்கப்பட்ட பெயர், கனடாவிலிருந்து வந்தது. 1977-இல் ஒன்டாரியோ மாநிலம் குடியேறியோர் மொழிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கி அப்பெயர் சூட்டியது. 1990-களில் அமெரிக்கக் கல்வியாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாதலூப்பே வால்தேஸ் தந்த வரையறையே பரவலாக ஏற்கப்பட்டது: ஆங்கிலமல்லாத மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்து, அதைப் பேசவோ வெறுமனே புரிந்துகொள்ளவோ கூடிய, ஓரளவேனும் இருமொழியாளரான மாணவர். இந்த வரையறையில் பழமை எங்கேயும் இல்லை. வீடுதான் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘வாரிசு’ என்பது. ஸ்பானியர்கள் இதை ‘எரென்சியா’ என்கிறார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘ஒட்டிக்கொண்டிருப்பவை’ என்று பொருள். வாரிசுரிமைப் பொருள் பின்னால் ஏறியது. ஒட்டிக்கொண்டு வருவது என்ற அந்தப் பழைய பொருளே இந்தப் பிள்ளைகளின் மொழிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இப்போது நம் ‘பாரம்பரிய’த்துக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது? பாரம்பரிய நெல், பாரம்பரிய மருத்துவம், பாரம்பரிய உடை, பாரம்பரியச் சின்னம். எல்லாம் பழையவை, அருகி வருபவை, போற்றிக் காக்க வேண்டியவை. ஸ்பானியம் அப்படியா? இருபது நாடுகளில் ஆட்சிமொழி. அந்தப் பெண்ணுக்கு அது காலையில் அடுப்படியிலிருந்து ஏச்சு வருகிற மொழி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது அவளுக்கும் மொழிக்கும் செய்யும் அநீதி. ஆங்கிலச் சொல்லுக்கே இந்தக் குறை உண்டு என்று ஓஃபேலியா கார்சியா போன்ற மொழியியலாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். அது முன்னே பார்க்கவேண்டிய மொழியைப் பின்னே தள்ளுகிறது என்பது அவர்கள் சொல்லும் குறை. மூலத்திலேயே தள்ளாடும் சொல்லுக்கு அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டால் தமிழில் அது விழத்தானே செய்யும்?

டெக்சஸில் மார்ஃபா என்று ஒரு சிற்றூர். அங்கே பிளாக்வெல் பள்ளி மெக்சிக்க வழிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளி. 1954-இல் அப்பிள்ளைகளைத் துண்டுத் தாள்களில் ‘ஸ்பானியம் பேசமாட்டேன்’ என்று எழுத வைத்து, அவற்றைப் பெட்டியில் இட்டுக் குழி தோண்டிப் புதைத்து, ‘திருவாளர் ஸ்பானிய மொழி’க்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2022-இல் அமெரிக்க அரசு அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தது. அந்தக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று எழுதுங்கள், மனமார ஏற்கிறேன். பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கிப் புதைத்தும் சாகாத மொழியை அதே பெயரால் அழைக்காதீர்கள்.

‘மரபு மொழி’ என்று எழுதுவோர் இன்னொரு சாரார். பாரம்பரியம் வடசொல், மரபு தமிழ்ச்சொல், ஆகவே இதுவே மேல் என்பது அவர்கள் வாதம். தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் தமிழ்ச்சொல்லை அதன் தமிழ்ப்பொருள் அறிந்து ஆள வேண்டாமா? ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்கிறது நன்னூல். உயர்ந்தோர் சொன்னபடி சொல்வதுதான் மரபு. காகம் கரையும், ஆந்தை அலறும். மாற்றி எழுதினால் மரபுப் பிழை என்று பள்ளியில் மதிப்பெண் குறைப்பார்கள். சிகாகோப் பெண்ணுக்கு வகுப்பில் நேர்வதும் இதுவே. உயர்ந்தோர் செப்பியபடி நீ செப்பவில்லை என்றுதான் அவள் தாளெங்கும் சிவப்பு மை. அவளைப் போய் ‘மரபு மொழியாளர்’ என்றால், எது இல்லை என்று அவள் குட்டுப்படுகிறாளோ அதையே அவள் பெயராக்குகிறோம்.

‘தாய்மொழி’ என்றே சொல்லிவிடலாமே என்று நண்பர் கேட்டார். எளிய கேள்வி, ஆனால் வழி அடைக்கும் கேள்வி. தாய்மொழி என்றதும் ‘அப்படியானால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே’ என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. அந்த எதிர்பார்ப்புதான் இவர்களை வாய் மூட வைப்பது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிகாகோப் பெண்ணைப் பிறமொழிப் பிள்ளைகளோடு தொடக்க வகுப்பில் உட்கார வைத்து ‘மேசை, நாற்காலி’ சொல்லிக் கொடுக்கிறார்கள்; சலித்துப் போகிறாள். பிறகு இலக்கணத் தேர்வு. ‘கியேரோ கே பெங்காஸ்’, அதாவது ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை அவள் நான்கு வயதிலிருந்து பிழையின்றிச் சொல்கிறாள். அந்த வினை வடிவத்தின் பெயர் கேட்டால் தெரியாது. பெயரை மனப்பாடம் செய்த பக்கத்து மாணவன் கூடுதல் மதிப்பெண் வாங்குகிறான். எழுத்திலோ வேறு தொல்லை. ‘தூபோ’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு: ஒன்று குழாய், மற்றொன்று ‘வைத்திருந்தார்’. ஒன்றில் ‘பி’ எழுத்து, மற்றதில் ‘வி’; காதுக்கு வேறுபாடே இல்லை. பள்ளியையும் பல்லியையும் ஒன்றாக ஒலிக்கும் நம் பிள்ளை எழுதும்போது தடுமாறுவதைப் போன்றதுதான் இது. ‘தெரியும்’ என்பதற்கு ‘சே’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘சாபோ’ என்றால் உறவினர்களே சிரிக்கிறார்கள்; ‘நோ சாபோ’ பிள்ளைகள் என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ‘கோமேர்’ (உண்ணுதல்) என்ற வினை ‘கோமோ’ (உண்கிறேன்) ஆவதைப் பார்த்து ‘சாபேர்’ (தெரிதல்) என்பதை ‘சாபோ’ ஆக்கிய பிள்ளையின் தலைக்குள் இலக்கண விதி இருக்கிறது என்பதை யார் அவளுக்குச் சொல்கிறார்கள்?

நல்ல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ‘இருக்க’ என்ற பொருளில் பாட்டி சொல்லும் ‘ஐகா’ என்ற வினை வடிவத்தை, அப்படியொரு சொல்லே கிடையாது என்று அடிக்காமல், பழைய ஸ்பானியத்தில் வழங்கி இன்றும் நாட்டுப்புறங்களில் வாழும் வடிவம் என்று காட்டுகிறார்கள், கட்டுரையில் அந்த இடத்தில் ‘ஆயா’ வரும் என்று அதன் பக்கத்தில் வைக்கிறார்கள். பாட்டியைப் பேட்டி கண்டு எழுதி வரச் சொல்லி அதிலிருந்தே எழுத்து, குறி, நடை எல்லாம் கற்பிக்கிறார்கள். பேச்சு ஏற்கெனவே கையிருப்பில் இருப்பதால் ஏட்டு மொழி அதன்மேல் ஏறுகிறது. இதைத்தான் ‘கல்விசார் தன்னம்பிக்கையை மேம்படுத்துதல்’ என்று எழுதி உயிரை எடுத்திருந்தார்கள். ‘ஏட்டு மொழியிலும் துணிந்து இறங்கச் செய்தல்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

சொல்லுக்குச் சொல் நிரப்பும் இந்தப் பழக்கம்தான் என்னை வருத்துகிறது. ‘பேசுநர்’ என்ற சொல்லைப் பாருங்கள். வெறுமனே புரிந்துகொள்ளும் பிள்ளையும் வால்தேஸின் வரையறைக்குள் வருகிறது. அதைப் பேசுநர் என்பது எப்படி? மூலக் கட்டுரையை முழுதும் படித்து, அந்தப் பெண்ணை மனத்தில் நிறுத்திவிட்டுச் சொல் தேடினால் இந்தப் பிழை வராது. கலைச்சொல் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினால் வராமல் இருக்காது.

என் பரிந்துரை ‘வீட்டுவழி மொழி’. மதுரையில் சௌராஷ்டிரர்களிடமும் கோவைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ‘வீட்டில் இந்த மொழி, எழுதப் படிக்கத் தமிழ்தான்’ என்பார்கள். நிலைமை நமக்குப் புதிதல்ல. அதைச் சொல்லும் வாய்ப்பேச்சும் கையிலிருக்கிறது. வெறும் ‘வீட்டு மொழி’ என்றால் இன்று வீட்டில் பேசுவது என்று மட்டும் ஆகிவிடும். தாய்வழி, தந்தைவழி என்பதுபோல் ‘வழி’ சேர்ந்தால், எந்தப் பாதையில் வந்தது என்பதைச் சொல்லும். எவ்வளவு தெரியும் என்று கணக்குக் கேட்காது. எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: பள்ளிவழி மொழி. மாணவரை ‘வீட்டுவழி மாணவர்’ என்றால் வீட்டிலிருந்து படிப்பவர் என்று பொருள் மயங்கும் என்பதால், ‘வீட்டுவழி ஸ்பானிய மாணவர்’ என்று மொழிப்பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்.

பாட்டனோடு மொழி நின்றுபோய், வீட்டில் ஒரு சொல்லும் கேட்காமல் வளர்ந்து, இப்போது தேடிக் கற்க வருவோரையும் சிலர் இந்த வகையில் சேர்ப்பதுண்டு. அவர்களுக்கு என் சொல் பொருந்தாது. அவர்கள் கற்பதை ‘முன்னோர் மொழி’ என்று தனியே எழுதுங்கள். மெய்ப்பில் நான் திருத்திய உட்தலைப்பு இது: ‘வீட்டுவழி ஸ்பானிய மாணவரை ஏட்டு மொழியில் துணிந்து இறங்கச் செய்தல்’. நண்பர் படித்துவிட்டு, “ஓ, நம் சௌராஷ்டிரப் பிள்ளைகள் மாதிரியா?” என்றார்.