1973இல் அமெரிக்க லாரிக்காரர்கள் ஏன் சாலையை மறித்தார்கள்?

மேற்கு ஆசியாவில் எங்காவது குண்டு விழுந்தால் மறுநாளே என் ஆபீஸுக்கு இரண்டு விதமான போன் வரும். "சார், ஷெட்டுல நாலு பேரல் டீசல் அடிச்சு வெச்சிடலாமா?" என்பது ஒன்று. "போன வருஷ வாடகையிலேயே இந்த வருஷமும் ஓட்டச் சொல்றாங்க, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்பது இன்னொன்று. லாரி முதலாளிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குப் பயம் தருவது இரண்டாவது கேள்விதான். காரணம் 1973இல் இருக்கிறது.

நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 1973 அக்டோபர் 6ஆம் தேதி எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு விமானத்தில் ஆயுதம் அனுப்பியது. அக்டோபர் 16ஆம் தேதி வளைகுடா நாடுகள் கச்சா எண்ணெய் விலையை 70 சதவீதம் ஏற்றின. மறுநாள் அரபு நாடுகள் குவைத்தில் கூடி, மாதாமாதம் 5 சதவீதம் உற்பத்தியைக் குறைப்பதாக முடிவெடுத்தன. அடுத்த சில நாட்களில் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் கிடையாது என்று தடையும் போட்டார்கள். டிசம்பரில் தெஹ்ரானில் இன்னொரு விலையேற்றம். அக்டோபர் தொடக்கத்தில் பீப்பாய்க்கு 3 டாலர் சொச்சமாக இருந்த அறிவிப்பு விலை, 1974 ஜனவரி 1ஆம் தேதி 11.65 டாலர்.

போர் வராமல் இருந்திருந்தாலும் விலை ஏறியிருக்கும், கொஞ்சம் மெதுவாக ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். 1967 போரின்போதும் அரபு நாடுகள் தடை போட்டன, அது எடுபடவில்லை. அப்போது அமெரிக்காவின் கையில் உபரி இருந்தது. டெக்சாஸ் ரயில்வே கமிஷன் என்று ஓர் அமைப்பு. பெயர்தான் ரயில்வே; எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுக்கலாம் என்று மாதாமாதம் அளவு சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. விலை விழாமல் இருக்க எப்போதும் முழுத் திறனுக்குக் கீழேயே எடுக்க வைத்திருந்தார்கள். அவசரம் வந்தால் திறந்துவிடலாம். 1970இல் அமெரிக்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 1972இல் அதே கமிஷன் நூறு சதவீதமும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அன்றோடு கையிருப்புத் திறன் காலி. பேப்பரில் அது பெரிய செய்தியாக வந்திருக்காது; 1973இன் பெரும்பகுதி அந்த உத்தரவில்தான் இருக்கிறது.

இன்னொரு தேதி 1971 ஆகஸ்ட் 15. வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்தால் இனித் தங்கம் தரமாட்டோம் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்த நாள். அதன்பின் டாலரின் மதிப்பு சரியச் சரிய, டாலரில் எண்ணெய் விற்ற நாடுகளின் வருமானமும் சரிந்தது. விலையை ஏற்ற அவர்களுக்கு அரசியலைத் தாண்டியும் காரணம் இருந்தது. அதே நாளில்தான் நிக்சன் உள்நாட்டில் விலைகளையும் சம்பளங்களையும் முடக்கினார். மற்ற பொருட்களுக்குக் கட்டுப்பாடு பிற்பாடு தளர்ந்தது, எண்ணெய்க்குத் தளரவில்லை.

உலகச் சந்தையில் குறைந்த எண்ணெய் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு ஏன் அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் அவ்வளவு நீள வரிசை? இருந்ததைப் பங்கிட்ட விதம் அப்படி. 1972இல் எந்த ஊருக்கு எவ்வளவு போனதோ அந்தக் கணக்கிலேயே 1974இலும் அனுப்பினார்கள். சனங்கள் சுற்றுலா போவதை நிறுத்திவிட்டதால் மலை ஊர், கடற்கரை ஊர் பங்க்குகளில் பெட்ரோல் தேங்கியது. நகரத்தில் விடியற்காலையிலேயே வரிசை. அப்புறம் பயம். அரை டேங்க்கோடு ஓட்டிப் பழகியவர்கள் முக்கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆரெகன் மாநிலத்தில் பங்க் வாசலில் கொடி கட்டினார்கள்: பச்சை என்றால் எல்லோருக்கும் உண்டு, மஞ்சள் என்றால் வணிக, அவசர வண்டிகளுக்கு மட்டும், சிவப்பு என்றால் தீர்ந்துவிட்டது. என்னிடம் பேரல் கேள்வி கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். எல்லா ஷெட்டிலும் நாலு பேரல் என்றால் பங்க்கில் சிவப்புக் கொடிதான். தீ விபத்து அபாயம் வேறு.

சரி, லாரிக்காரர்களுக்கு வருவோம். சொந்த வண்டி ஓட்டிய அமெரிக்க டிரைவர்களுக்கு அடி மூன்று பக்கம். டீசல் விலை ஏறியது. பல பங்க்குகளில் கொஞ்சம்தான் தருவோம் என்றார்கள். எரிபொருளை மிச்சம்பிடிக்க வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கிலோமீட்டராக, இறக்கினார்கள்; ஒரு லோடுக்கு ஆகும் நேரம் கூடியது. வரவோ ஏறவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெரும்பாலான சரக்குக்கு வாடகையை நிர்ணயித்தது ஓர் அரசு ஆணையம். செலவு சந்தை விலையில், வாடகை பழைய விலையில். 1973 டிசம்பரில் பென்சில்வேனியா, ஒஹையோ நெடுஞ்சாலைகளில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். டிரைவர்களைத் திரட்டியது கேபினில் இருந்த சி.பி. ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் கருவி. 1974 பிப்ரவரி வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு வரை போனது. முடிவில் வாடகையின் மேல் 6 சதவீத எரிபொருள் கூடுதல் கட்டணம் கிடைத்தது.

அவர்களுக்கு நேர்ந்ததுதான் பொருளாதாரம் முழுக்க நேர்ந்தது. செலவை விலையில் ஏற்ற முடிந்தவர்கள் ஏற்றினார்கள். 1974இல் அமெரிக்க விலைவாசி 11 சதவீதம் உயர்ந்தது. ஏற்ற முடியாதவர்கள் ஆட்களைக் குறைத்தார்கள். 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம். ஜப்பானில் 1973 இறுதியில் காகிதம் தீரப்போகிறது என்ற வதந்தியில் கழிவறைத் தாளுக்குக் கடைகளில் தள்ளுமுள்ளு. 1974இல் அந்நாட்டின் உற்பத்தியே சுருங்கியது, போருக்குப் பின் முதல் முறையாக. இந்தியாவில் பெட்ரோல் விலையைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றம் போனது 1973 நவம்பரில். இங்கே 1974இல் விலைவாசி 25 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை, வறட்சியும் சேர்ந்திருந்தது.

ஆக, வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் டீசல் வித்தியாசம் பற்றிய பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். "டீசல் விலை ஏறினால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால் அது இல்லாததற்குச் சமம். எந்தத் தேதியின், எந்த ஊரின் டீசல் விலை அடிப்படை, வாடகையில் டீசல் பங்கு எத்தனை சதவீதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று மூன்றும் எண்ணாக இருக்க வேண்டும். டீசல் பங்கைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் உங்கள் சொந்த டிரிப் ஷீட்டிலிருந்து எடுங்கள். லோடு போய்க் காலியாகத் திரும்பும் தடத்தில் அது வெகுவாகக் கூடும். விலை இறங்கினால் வாடகையும் இறங்கும் என்று நீங்களே எழுதிக்கொடுங்கள், கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள். வெளி வண்டி பிடித்து லோடு அனுப்புகிறவர் என்றால், வாங்கும் வித்தியாசத் தொகை டேங்க் நிரப்புகிற வண்டிக்காரருக்கே போகிறமாதிரி அவரோடும் எழுதிக்கொள்ளுங்கள்.