பேட்டரியில் 12.6, மோட்டாரில் 9.6

மிச்சிகனில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி) ஒன்றை வாங்கிய வாசகர் கேட்கிறார்: "முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்லைட்-அவுட் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அறை நகரவில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, ஃபியூஸும் போகவில்லை. அப்புறம் ஏன்?"

ஸ்லைட்-அவுட் என்பது வண்டியின் பக்கச் சுவரில் ஒரு பகுதி, சோபாவும் கட்டிலுமாக, மேஜை இழுப்பறை போல வெளியே நீளும் அமைப்பு. 12 வோல்ட் டிசி மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி அதைத் தள்ளும். பல வண்டிகளில் பார்க்கிங் பிரேக் போடாவிட்டால் அறை அசையாது. பயணத்துக்குப் போட்ட பூட்டுக் கம்பியை எடுக்க மறந்திருக்கலாம், வெளியே ஏதாவது இடிக்கலாம். இதெல்லாம் சரி என்றால், அந்த 'டிக்' சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அது ரிலேயின் சத்தம்; சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. ரிலேவுக்குக் கால் ஆம்பியர் இருந்தால் போதும், எல்.ஈ.டி. விளக்குக்கும் அப்படியே. அறையைத் தள்ளும் மோட்டாருக்கோ 20, 30 ஆம்பியர் வேண்டும். வழியில் எங்கோ ஒரு போல்ட்டில் துரு ஏறி, 0.1 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கால் ஆம்பியர் போனால் அங்கே இழப்பு 0.025 வோல்ட், யாருக்கும் தெரியாது. 30 ஆம்பியர் போனால் 3 வோல்ட்! மோட்டாருக்கு மிஞ்சுவது 9.6. காணாமல் போன 3 வோல்ட், 90 வாட் வெப்பமாக அந்தப் போல்ட்டைச் சுட வைக்கும்.

இந்த 0.1 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடிப் பயனில்லை, மீட்டர் ஒயர்களின் தடையே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மின்னோட்டம் பாயும்போது வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும். முதலில் பேட்டரி முனைகளிலேயே மீட்டரை வைத்து, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 12.6 சடாரென்று 10-க்கு விழுந்தால் பேட்டரி போய்விட்டது. 12-க்கு மேல் நின்றால், அடுத்து எர்த் பக்கம்: மோட்டாரிலிருந்து மின்னோட்டம் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகத்தான் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது. மீட்டர் ஒயர்களில் ஒன்றின் முள்ளைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, இன்னொரு முள்ளை ரிலே பெட்டியின் எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். போல்ட்டுக்குப் பக்கத்தில், சட்டத்தின் இரும்பைச் சுரண்டித் தொட்டால் 0.1 வோல்ட். முள்ளை அரை விரற்கடை நகர்த்தி, ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை, அதாவது லக்கைத் தொட்டால் 3 வோல்ட். நடுவில் இருப்பது துருப் படலம் ஒன்றுதான். பொத்தானை விட்டதும் இரண்டு இடத்திலும் பூஜ்யம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

ஓம் விதியைக் கண்டறிந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் ஓமுக்கும் இதே தொல்லை இருந்தது. கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் செய்த ஆரம்பச் சோதனைகளில், மின்னோட்டம் பாயப் பாய மின்கலத்தின் வோல்ட் தளர்ந்து அளவுகளைக் குழப்பியது. பிறகு, நிலையான வோல்ட் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு (இரு உலோகங்களின் இணைப்புகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் தரும் அமைப்பு) மாறினார். 1826-ல் அரைச் சம்பளத்தில் விடுப்பு எடுத்து பெர்லின் போனார், 1827-ல் அந்த விதியைச் சொல்லும் அவருடைய நூல் வந்தது. பள்ளி ஆசிரியர்களுக்கு முழுச் சம்பளத்தோடு ஆராய்ச்சி விடுப்பு தர வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு அவரும் ஒரு காரணம்.

மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். அது தெறித்து வண்டியின் அடியில் ஒட்டும், எர்த் போல்ட்டை அரிக்கும். வாசகர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அந்தப் போல்ட்டை எடுத்து, லக்கையும் சட்டத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கட்டும். மறுபடி அளக்கும்போது 3 இருந்த இடத்தில் 0.1 வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் இதே சோதனையைப் பிளஸ் பக்கத்தில், ஃபியூஸின் இரு புறமும், ரிலேயின் இரு முனைகளிலும் செய்து பார்க்கலாம்.