முதலில் ஸ்டூல், அப்புறம் ஊக்கப் பேச்சு

போன வாரமும் ஒரு ஜவுளிக்கடைப் பெண். குளிர்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று. இதே தொந்தரவோடு முன்பும் வந்தவர்தான். தண்ணீர் குடிப்பதுண்டா என்று கேட்டேன். "கடையில குடிக்கதில்ல டாக்டர். பாத்ரூம் மூணாவது மாடியில. போனா சூப்பர்வைசரு மணி பாப்பாரு" என்றார். வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்து கிடந்தது.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஓணமோ தீபாவளியோ நெருங்கினால் இப்படித்தான் வரிசையாக வருவார்கள். மருந்து எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

முதலாளிகளும் என்னிடம்தான் பிரஷர் பார்க்க வருகிறார்கள். "சாயங்காலமானா பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பே இல்ல டாக்டர். ஊக்கமா பேச ஆளிருந்தா சொல்லுங்க" என்கிறார்கள். ஸ்டூல் போடச் சொன்னால், உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடுமாம்! அண்ணாச்சி, நீங்கள் கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்? கணக்கில் ஒரு ரூபாய் விடுகிறீர்களா? ஆள் வராத நேரத்தில் உட்காருகிறவள் ஆள் வந்தால் எழுந்திருப்பாள். காலையிலிருந்து நின்றே கிடப்பவள்தான் ஆறு மணிக்கு மேல்தட்டிலிருக்கும் சேலையை எடுக்க மனமில்லாமல் "அந்தக் கலர் இல்லக்கா" என்று அனுப்பிவிடுவாள். போனது உங்கள் வியாபாரம். இன்சென்டிவை ஏற்றினால் முட்டுவலி குறையாது.

ஸ்டூல் போடுவது தயவு தாட்சண்யமும் அல்ல, சட்டம். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் போராடியதைத் தொடர்ந்து கேரளம் 2018-இல் இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்துவிட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. குடோனில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பூட்டி வைப்பது கணக்கில் வராது.

ஒவ்வொரு கவுன்டரிலும் ஸ்டூல், ஒவ்வொரு மாடியிலும் குடிதண்ணீர். கழிவறைக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். செலவு பெரிதில்லை.

கடையில் நிற்கும் மக்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். சும்மா நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குங்கள். ராத்திரி காலுக்குத் தலையணை வையுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், பண்டிகை முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே வாருங்கள். கர்ப்பமாக இருந்தால் சிறுநீர்க் கடுப்பு லேசாகத் தெரிந்தாலும் வந்துவிட வேண்டும்.