விண்டேஜ்: பழைய படமா, பழைய மாதிரிப் படமா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமான வீடுகளில் இப்போது தவறாமல் காதில் விழும் சொல் 'விண்டேஜ்'. ஸ்டூடியோக்காரர் நீட்டும் விலைப்பட்டியலில் டிரோன், ஆல்பம், வீடியோ ஆகியவற்றோடு 'விண்டேஜ் ஷூட்' என்று தனி வரியே இருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கம், நடுவில் திறந்த முற்றம் வைத்த ஒரு தொட்டிக்கட்டு வீட்டை ஒருநாள் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். பெண்ணுக்குப் பின்கொசுவம் வைத்துச் சேலை, மாப்பிள்ளை தலைக்கு உருமால், பின்னால் ஓட்டுத் தாழ்வாரம். எடுத்த படத்தைக் கணினியில் பழுப்பேற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெயர்தான் பொருந்தவில்லை.

சொல்லின் வேர் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. லத்தீனில் 'வீனும்' என்றால் திராட்சை மது. 'தேமெரே' என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்து 'விந்தேமியா', அதாவது திராட்சை அறுவடை ஆயிற்று. அது பிரெஞ்சில் 'வாந்தாஞ்ஜ்' ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் 'விண்டேஜ்' என்று நின்றது. முதலில் அறுவடையை மட்டும் குறித்தது. பிறகு, இன்ன ஆண்டு பறித்த திராட்சையில் வடித்த மது என்பதைக் குறித்தது. அதன்பின்தான் கார், துணி, நகை, படம் என்று பரவியது. பிரிட்டனின் பழைய கார் பிரியர்கள் இன்றும் இந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்த விடுவதில்லை. முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1930 முடியும்வரை செய்த வண்டிதான் அவர்களுக்கு 'விண்டேஜ்'. 1931இல் செய்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்த்தியில்லை.

ஆகவே இந்தச் சொல்லின் உயிர் பழமையில் இல்லை, ஆண்டில் இருக்கிறது. கொங்கு நாட்டு உழவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் சந்தையில் புது மஞ்சளுக்கு ஒரு விலை, பழைய மஞ்சளுக்கு வேறு விலை. எந்த வருடத்து வெள்ளாமை என்பதை வைத்தே பேச்சு தொடங்கும். விண்டேஜ் என்பதும் அதுதான்: ஒரு குறிப்பிட்ட வருடத்து வெள்ளாமை.

இந்த அளவுகோலில் பார்த்தால், அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டியின்) தகரப் பெட்டியில் கிடக்கும் கல்யாணப் படம் விண்டேஜ். போன மாதம் தொட்டிக்கட்டு வீட்டில் எடுத்தது விண்டேஜ் ஆகாது. அதற்குரிய சொல் 'ரெட்ரோ'. லத்தீனில் 'பின்னோக்கி' என்று பொருள். இன்று செய்து, அன்றைய சாயலைக் கொடுத்த பொருளுக்கு இந்தப் பெயரை 1970களில் பிரெஞ்சுக்காரர்கள் பரவலாக்கினார்கள். கூடவே 'ஆன்டிக்' என்பதையும் போட்டுக் குழப்புகிறார்கள். வணிக வழக்கில் அது நூறு ஆண்டு கடந்த பொருளுக்கு உரியது. நம் பேச்சுக்கு வெளியே.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் 'தொன்மையான' என்று வருகிறது. தொன்மை என்றால் எனக்குக் கொடுமணல் அகழாய்வுக் குழிதான் கண்ணில் தெரிகிறது. கல்யாண ஆல்பத்துக்கு அது தாங்காது. 'மரபு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கொங்குக் கல்யாணத்தில் சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் முன்னின்று இணைச்சீர் என்ற சடங்கை நடத்துவது மரபு, ஏனென்றால் அது அறுபடாமல் வருகிறது. விட்டுப்போனதை ஒருநாள் வேடமாக உடுத்துவதை மரபு என்பது அதிகப்படி. என் பரிந்துரை எளிது. உண்மையிலேயே அன்று எடுத்தது 'அக்காலப் படம்'. ஆண்டு தெரிந்தால் இன்னும் நல்லது, '1966ஆம் ஆண்டுப் படம்' என்றே சொல்லிவிடலாம். இன்று எடுத்து அன்றைய சாயல் தந்தது 'பழம்பாணிப் படம்'. பாணி என்ற சொல்லிலேயே இது போலச்செய்தது என்ற ஒப்புதல் இருக்கிறது.

பழம்பாணி நன்றாக அமைய வேண்டுமானால் அங்கேயும் ஆண்டைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். குழல் வைத்த கிராமபோன், தட்டச்சுப் பொறி, அம்பாசிடர் கார் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். வெளிக்குழல் கிராமபோனின் காலம் 1920களோடு ஓய்ந்தது. அம்பாசிடர் ஓடத் தொடங்கியதே 1950களின் இறுதியில். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மணப்பெண் எந்த வருடத்துப் பெண்?

கறுப்பு வெள்ளையிலும் ஆண்டு உண்டு. பிலிமுக்குப் பதிலாகப் படம்பிடிக்கப் பயன்பட்ட பழைய கண்ணாடித் தகடுகள் பலவற்றுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால் நெற்றியில் வைத்த குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும், வெற்றிலை போட்ட உதடு கருத்துவிடும், வானம் வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். 1920களின் சாயல் வேண்டுமென்றால் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பைத் தாழ்த்தி, நீலத்தை உயர்த்தினால் போதும். குங்குமம் உடனே கருக்கும். 1960களின் சாயலுக்கு அப்படிச் செய்தால் தப்பு, ஏனென்றால் அதற்குள் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் பரவிவிட்டது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் விற்ற காலம் அதையடுத்து வருகிறது.

அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ நேராகப் பிடித்து, மேலிருந்து கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் நிற்பவர்கள் சற்றே உயர்ந்து, கம்பீரமாகத் தெரிவார்கள். படமும் சதுரமாக வரும். இன்றைய படக்காரர் கண் உயரத்தில் நின்று எடுத்துவிட்டு, ஓரங்களை மட்டும் வெட்டிச் சதுரமாக்கினால் சாயல் வராது. குனிந்து எடுங்கள், அந்தக் கம்பீரத்துக்குக் காசு கூட வேண்டியதில்லை.

பழுப்பு நிறத்துக்கு வருவோம். செயலிகளில் 'செபியா' என்றொரு பொத்தான் இருக்கிறது. செபியா என்பது கணவாயின் கிரேக்கப் பெயர். கடல் பார்க்காத நம் ஊர்களிலும் நாட்டுமருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கிறார்களே, அது இதே கணவாயின் ஓடு. கணவாய் கக்கும் மையில் ஓவியர்கள் பழுப்பு வண்ணம் செய்தார்கள். அந்த நிறத்தின் பெயர் படத்துக்கு வந்ததே தவிர, படத்தில் கணவாய் மை ஒருபோதும் இல்லை. படத்திலுள்ள வெள்ளியைக் கந்தகச் சேர்மத்தால் வெள்ளி சல்பைடாக மாற்றினால் பழுப்பு வரும், இருட்டறையில் அழுகிய முட்டை நாற்றமும் வரும். இப்படி மாற்றிய படம் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தைவிட நெடுநாள் நிற்கும். அன்றைக்கு விரும்பிச் செய்த வேலை அது.

செயலிகள் போடும் மஞ்சள், ஆரஞ்சு மங்கல் வேறு வகை. அது 1970, 80களின் கலர் பிரிண்டிலிருந்து வந்தது. அந்தத் தாள்களில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு போக, மற்ற நிறங்கள் தூக்கலாகிவிடுகின்றன. இன்று மஞ்சளாகத் தெரியும் சேலை, எடுத்த அன்று பச்சையாகவே இருந்திருக்கும். ஆகவே இந்த மஞ்சளைப் போடுகிறவர் அந்தக் காலத்தைக் காட்டவில்லை, அதன்பின் வந்த சேதத்தைத்தான் காட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மனிதர் தெரிந்து செய்யட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் ஆண்டையும் ஊரையும் சொல்லாமல் 'விண்டேஜ்' என்று மட்டும் கேட்டால், எந்த ஊருக்கும் சேராத ஒரு சேலையை உடுத்தித்தான் அனுப்புகின்றன.

இப்போதைய பிள்ளைகளுக்கு 1990களே பழங்காலம். படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்போதைய கேமராவில் பேட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாமல் விட்டவர்கள் ஏராளம். ஆகவே அக்காலப் படத்தின் மூலைத் தேதியை அப்படியே நம்பாமல் கல்யாணப் பத்திரிகையோடு ஒத்துப்பாருங்கள். பழம்பாணிக்காகப் பத்திரிகையையும் பழைய மாதிரி அச்சடிப்பவர்கள் 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்பதோடு நிறுத்தாமல் ஆங்கில ஆண்டையும் போட்டுவிடுவது நல்லது. 1965இல் பிறந்ததும் விசுவாவசுதான், 2025இல் பிறந்ததும் விசுவாவசுதான்.