துண்டுத்துணிக்கும் திசை உண்டு

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கும்பகோணத்துத் தையற்கடைகளில் வெட்டுமேசைக்கு அடியில் இருக்கும் சாக்குப்பை வேகமாக நிரம்பும். கழுத்து வெட்டியதில் விழுந்த பிறைத் துண்டு, அக்குள் வளைவில் விழுந்த முக்கோணம், பாவாடைத் துணியின் ஓரத்தில் மிஞ்சிய நீளப் பட்டை என அதில் சேர்பவை பெரும்பாலும் மிஷின் துடைக்கவும் தலையணைக்குள் அடைக்கவும்தான் போகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிவந்து, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பழைய புடவைகளை மடித்துவைத்து விரிப்பாகத் தைத்தவர் என் அப்பாயி. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டில் அவர் தைத்த விரிப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துவைக்கப்பட்டும் இன்னும் சுருக்கமில்லாமல் தரையில் படிந்து கிடக்கிறது. அதே வகைத் துண்டுகளைக் கொண்டு நான் முதன்முதலில் தைத்த விரிப்பு மூன்றாவது சலவையிலேயே நடுவில் புடைத்து, ஓரங்களில் அலையலையாக நெளிந்துவிட்டது. கைப்பழக்கம் ஒரு காரணம்தான் என்றாலும், அதைவிடப் பெரிய காரணம் துணி எவ்வாறு உருவாகிறது என்பதில் இருக்கிறது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டையோடு குறுக்கே ஓடிவந்து பாவை மாறிமாறி மேலும் கீழுமாகக் கடக்கும் நூல் ஊடை. திருபுவனத்துப் பட்டுக்கும் மயிலாடுதுறையின் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்யப்பட்ட கூறைப்புடவைக்கும் ஆலையில் நெய்த சாதாரண ரவிக்கைத் துணிக்கும் இந்த அமைப்பு பொதுவானது. நெய்து முடிக்கும்வரை பாவு விறைப்பாக இழுபட்டே இருப்பதால், முடிந்த துணியில் அந்தத் திசையில் நெகிழ்ச்சி மிகக் குறைவு. ஊடை சற்றே தளர்வாக வளைந்து வளைந்து செல்வதால் குறுக்குவாக்கில் இழுத்தால் துணி கொஞ்சம் இடம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில், 45 பாகைச் சாய்வில் இழுத்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கே எந்த நூலும் நேராக இழுபடுவதில்லை. நூல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் திரும்பிக்கொள்கின்றன. நான்கு கட்டைகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சேர்த்த சதுரச் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் கட்டை எதுவும் நீளாமலே சட்டம் சாய்சதுரமாக மாறுவதைப் போல, பாவுக்கும் ஊடைக்கும் இடையிலுள்ள நுண்ணிய சதுரங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் சாய்கின்றன. தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசை இதுதான். கிராஸ் கட்டிங் ரவிக்கை உடம்போடு படிந்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

ரவிக்கைக்கு நன்மை செய்யும் இந்தக் குணம் விரிப்புக்குத் தொல்லையாகிறது. கழுத்திலும் அக்குளிலும் வெட்டி விழும் துண்டுகளுக்கு ஒரு விளிம்பாவது கிராஸ் வாக்கில்தான் அமையும். அந்த விளிம்பை மிஷினில் வைத்துத் தைக்கும்போது துணியை அடியிலிருந்து நகர்த்தும் பற்கள் அதை இழுத்து நீட்டிவிடும். தைத்து முடித்த பிறகு, நீண்டுபோன துணி எங்கே போவதென்று தெரியாமல் அலையாக மேலெழும். என் விரிப்பின் ஓரங்கள் நெளிந்ததற்குக் காரணம் இதுதான். அப்பாயி ஒவ்வொரு துண்டையும் இரு கைகளாலும் பிடித்து, முதலில் ஒருவாக்கிலும் பிறகு மறுவாக்கிலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். பாவுத் திசையில் இழுத்தால் துணி 'டப்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊடைத் திசையில் அந்த ஒலி மந்தமாக இருக்கும். கிராஸில் ஒலியே எழாது. "இழுத்துப் பார்க்காம எதையும் வைக்காதே" என்று அவர் சொன்னதைச் சிறுவயதில் ஒரு வீட்டுச் சடங்காகவே எடுத்துக்கொண்டேன். துண்டுகளின் பாவு ஒரே வாக்கில் அமையுமாறு அடுக்கி, கிராஸ் விளிம்புகள் உள்ளே மறைந்து நேர்விளிம்புகள் வெளிப்புறம் வருமாறு அவர் ஒவ்வொரு கட்டத்தையும் அமைத்திருப்பதை இப்போது அந்த விரிப்பை உற்றுப் பார்க்கும்போதுதான் காண்கிறேன்.

தேரில் அலங்காரமாகத் தொங்கும் துணி உருளையான தொம்பையைத் தைக்கும் வேலையிலும் இந்தத் திசைக்கணக்கு தவறக்கூடாது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கும்போது அதன் மேற்பகுதியை நிரப்புவது மூங்கிலும் துணியும்தான். வெட்டிய துணி உருவங்களை வேறு நிறத் துணியின் மேல் வைத்துத் தைக்கும் கலைக்குத் தஞ்சாவூர் வட்டாரம் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. தொம்பையின் அடித்துணி கிராஸ் வாக்கில் வெட்டப்பட்டால் தன் எடையாலேயே கீழ்நோக்கி நீண்டு, அகலத்தில் சுருங்கி, மேலே தைத்த உருவங்களையும் கோணலாக்கிவிடும்.

திசைக்கு அடுத்தது சுருக்கம். பருத்தி இழை நீரில் நனையும்போது விட்டத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் பருக்கிறது. நீளத்தில் ஒரு சதவீதம் அளவுக்கே மாறுகிறது. பருத்த ஊடையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் பாவு நூலுக்கு முன்னைவிட அதிக நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைத் துணி தன் அளவைக் குறைத்துக்கொண்டுதான் ஈடுசெய்கிறது. தறியில் வலிந்து இழுக்கப்பட்டிருந்த பாவின் விறைப்பும் முதல் சலவையிலேயே தளர்கிறது. 60 அங்குல நீளமுள்ள புதுத்துணி ஐந்து சதவீதம் சுருங்கினால் மூன்று அங்குலம் காணாமல் போகும். அதன் பக்கத்திலேயே பலமுறை துவைத்த பழம்புடவைத் துண்டு இருந்தால் அது சுருங்க மறுத்துப் புடைத்து நிற்கும். என் விரிப்பின் நடுப்பகுதியில் நடந்தது இதுவே. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியை நாம் தூய்மைக்கான அறிவுரையாக மட்டுமே படிக்கிறோம். துண்டுத்துணி தைப்பவருக்கு அது அப்படியே தொழில்நுட்பக் குறிப்பு. எல்லாத் துண்டுகளையும் நனைத்து, கசக்கி, காயவைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

அதே சலவையில் சாயத்தையும் சோதித்துவிடலாம். 1956இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்கள் பருத்தியின் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் இணைவதால் எளிதில் நீங்குவதில்லை. மலிவான நேரடிச் சாயங்கள் இழையோடு வலுவற்ற ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருப்பவை. நனைந்தால் நீரில் இறங்கிப் பக்கத்து வெள்ளைத் துணியில் ஏறும். உப்புநீரில் ஊறவைத்தால் அந்தக் கசிவு அப்போதைக்கு அடங்குமே தவிர, அடுத்த முறை நல்ல தண்ணீரில் மீண்டும் தொடங்கும். ஈரத்துண்டை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்தி, கறை படிகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

அளவிலும் கண்டிப்பு தேவை. தையலுக்குக் கால் அங்குலம் விடுவது வழக்கம். ஒவ்வொரு விளிம்பிலும் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு பிசகினாலும் ஒரு கட்டத்துக்கு 8இல் ஒரு பங்கு மாறும். எட்டுக் கட்டங்கள் சேர்ந்த வரிசை ஓர் அங்குலம் நீண்டோ குறைந்தோ போகும்.

இந்த வேலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அடுக்குகளின் இயற்பியல். ஒரு தகட்டை வளைக்கத் தேவைப்படும் விசை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. நான்கு துணிகளைப் பசையால் முழுப்பரப்பும் ஒட்டினால் அவை ஒரே தகடாகிவிடும். அதன் விறைப்பு ஒற்றைத் துணியின் விறைப்பைப் போல 4×4×4, அதாவது 64 மடங்கை நெருங்கும். அதே நான்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல முடிந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே வளைவதால் விறைப்பு நான்கு மடங்கு மட்டுமே. வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி விட்டு ஓடும் ஓட்டுத்தையல் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஓரிடத்தைப் பிடிக்கிறது. அடுக்குகள் கலைந்து ஒரு மூலையில் குவியாதபடி தையல் பிடிக்கிறது. தையல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அவை நழுவிக்கொள்ளவும் இடம் விடுகிறது. பலமுறை துவைத்து, கஞ்சிப்பசை போய், நூலின் முறுக்குத் தளர்ந்த பழம்புடவையை உள்ளே வைப்பது இந்த மென்மையை இன்னும் கூட்டுகிறது. குழந்தைக்குத் தூளி கட்டவும் நம் வீடுகளில் பழம்புடவையையே தேடியதன் காரணமும் இதுதான்.

தையலுக்கு இடையில் விடப்படும் இந்த இடம் வெப்பத்துக்கும் தொடர்புடையது. உண்மையில் விரிப்பில் வெப்பத்தைத் தடுப்பது நூலைவிட, அடுக்குகளுக்கும் இழைகளுக்கும் நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். மார்கழி விடியலில் சிமெண்ட் தரை உடலின் வெப்பத்தை உறிஞ்சும்போது இந்தக் காற்றே தடுப்பாக நிற்கிறது. தையல் ஓடும் கோட்டில் துணி நசுங்கி அங்கே காற்றில்லாமல் போவதால், வரிசைகளை மிக நெருக்கினால் விரிப்பு உறுதியாகும், ஆனால் கதகதப்பு குறையும். டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீர் காற்றைப் போல 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்; பருத்தியோ காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போதே தன் எடையில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் நீரை உள்வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே ஈரம் தேங்கும்போது விரிப்பு சில்லிடுவது இதனால்தான். மழை வெறித்ததும் எல்லாத் துணிகளையும் கொடியில் உதறிப் போடுவது இழந்த காற்றை மீட்டுத் தருகிறது. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட நீரை ஏற்காது என்பதால் அது சில்லிடாது. ஆனால் வெயில் காலத்தில் வியர்வையையும் ஏற்காமல் பிசுபிசுக்கும். எது பாலியெஸ்டர் என்று ஐயமிருந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டலாம்: பருத்தி காகிதம்போல மணந்து மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

துண்டுகளாகத் தைப்பதால் கிழிசலும் தடைபடுகிறது. ஒரே பரப்பாக உள்ள துணியில் கிழிசல் தொடங்கினால் அதன் முனையில் முழு இழுவிசையும் ஓரிரு நூல்கள் மேலேயே விழுந்து, அவை அறுந்ததும் அடுத்தவற்றுக்குப் போகும். இரட்டை மடிப்பாகத் தைத்த இணைப்பை எட்டும்போது அங்கே நூல்கள் அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் கிழிசல் நின்றுவிடுகிறது. உடைப்பெடுத்த நீரை அடுத்த வயலுக்குப் போகவிடாமல் வரப்பு நிறுத்துவது போன்றது இது. புத்தத் துறவியரின் துண்டுகள் சேர்த்துத் தைத்த சீவர ஆடைக்கு, மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பையே புத்தரின் சீடர் ஆனந்தர் மாதிரியாகக் கொண்டதாக, துறவியரின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் கூறுவதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாகத் தைப்பது ஓரப்பட்டி. இங்கே, இவ்வளவு நேரமும் தொல்லை தந்த கிராஸ் துண்டுகளே சரியான பொருள். நேர்வாக்கில் வெட்டிய பட்டியை மடித்தால், மடிப்பின் உச்சியில் நெடுக ஓரிரு நூல்களே ஓடும். தேய்ந்து அவை அறுந்தால் ஓரம் நீளவாக்கில் பிளந்துவிடும். கிராஸ் பட்டியிலோ மடிப்பை ஆயிரக்கணக்கான நூல்கள் சாய்வாகக் கடப்பதால் தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படுகிறது. வளைவான மூலைகளிலும் பட்டி சுருங்காமல் படிகிறது. அப்பாயி தன் விரிப்பின் ஓரத்தை இரண்டு முறை மாற்றினார். இரண்டாவது பட்டி வெவ்வேறு ரவிக்கைகளின் அக்குள் துண்டுகளைச் சாய்வாக இணைத்துத் தைத்தது. அதன் மடிப்பில் இன்றுவரை ஓரிடத்தில்கூடப் பிளவு இல்லை.