அக்கா என்று கூப்பிட்டவர் பார்த்துக்கொண்டிருந்தார்

கோவையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்த பெண் அவர். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வந்து உட்கார்ந்ததுமே, "மேடம், எனக்குத்தான் மனசு சரியில்லையோ?" என்றார்.

இவர் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் இடத்தில் அறைத்தோழி முந்திக்கொண்டு விண்ணப்பித்திருப்பார். அம்மாவிடம் மட்டும் சொன்ன விஷயம் அவர் வாயிலிருந்து வரும். கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கே இவர் படம் போட்ட இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து செய்தி போனது. கேட்டால், "நீ ரொம்ப யோசிக்கிற கண்ணு, தூங்கு" என்பாராம். மாதக்கணக்கில் இதைக் கேட்டால் யாருக்கும் தன்மேலேயே சந்தேகம் வரும்.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறக்கச் சொன்னேன். இவருக்குச் சொந்தமில்லாத ஒரு லேப்டாப் இருந்தது. அன்று காலைகூட இயங்கியிருக்கிறது. "ஒரு போட்டோ அனுப்பிக்கிறேன்" என்று என்றோ போனை வாங்கிய சில நொடிகள் போதும், லேப்டாப் திரையில் வரும் கியூஆர் குறியீட்டை அதால் ஸ்கேன் செய்ய. அப்புறம் இவர் போன் அணைந்திருந்தாலும் செய்திகள் அங்கே போகும்.

உடனே அதை நீக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். நிறையப் பேர் சாட்சியத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். முதலில் சாதனத்தின் பெயரும் கடைசியாக இயங்கிய நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போலிக் கணக்கின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீக்குங்கள், கூகுள் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இருப்பிடப் பகிர்வையும் பாருங்கள். வழக்கு முடியும்வரை அந்த போனை விற்காதீர்கள்.

காவல் நிலையத்தில் "ரெண்டு பொம்பளைங்க ரூம் சண்டை" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. பெண்ணைப் பின்தொடர்வது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்ற குற்றவியல் சட்டத்தின் 78-வது பிரிவு, குற்றவாளியை 'ஆண்' என்றே சொல்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி, 66டி பிரிவுகளில் ஆண் பெண் பேதம் இல்லை. மோசடி எண்ணத்தோடு அனுமதியின்றி நுழைவது, அடுத்தவர் அடையாளத்தைப் பயன்படுத்துவது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. புகாரில் "வேவு பார்க்கிறார்" என்று மட்டும் எழுதாமல் எந்தச் சாதனம், எந்தக் கணக்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். சைபர் குற்றப் பிரிவில் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம்.

நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம் என்றேன். விஷயம் தெரிந்தால் அந்த லேப்டாப்பில் ஒன்றும் மிஞ்சாது. அன்றிரவு அவர் விடுதிக்குப் போகவில்லை, சித்தி வீட்டில் தங்கினார். மறுநாள் காலை இருவரும் புகாரோடு போனோம்.